பின்வளவில் இயற்கைக் கல் தளம் அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தம் வீட்டின் பின்வளவில், உறவினர் ஓரிருவரின் துணையுடன், தாமே இயற்கைக் கல் பதிக்க விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. அளவுகள் யாவும் 12 அடி அகலமும் 15 அடி நீளமும் கொண்ட, அதாவது 180 சதுர அடி பரப்புள்ள ஒரு தளத்தை வைத்தே கணக்கிடப்பட்டுள்ளன.

பின்வளவைச் சீமெந்தால் மூடிவிடுவது எளிதல்லவா? கல் எதற்கு?

எளிதுதான். ஆனால் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது என்பதை நாம் ஒவ்வொருவரும் வீடு கட்டும்போதும் வளவைத் திருத்தும்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும், மழைநீர் மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கிய நன்னீரையே. அந்த நன்னீர், கீழே பரந்திருக்கும் உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. மேலிருந்து ஊட்டம் குறைந்தால் வில்லை மெலிகிறது, உவர் மேலேறுகிறது. ஆண்டின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான வாடைப் பருவத்திலேயே பெய்து முடிந்துவிடுவதால், அந்தச் சில வாரங்களில் நம் வளவில் விழும் நீரை வளவிலேயே இறங்கவிடுவது அவசியம். முழுவளவும் சீமெந்தானால் அது ஒழுங்கைக்கு ஓடி, வாய்க்காலில் விழுந்து, கடைசியில் கடலேரியைச் சேர்ந்துவிடும்.

கற்களைச் சல்லிப் படுக்கையில் இடைவெளி விட்டுப் பதித்தால், நடப்பதற்கும் கதிரை போட்டு அமர்வதற்கும் உறுதியான தளமும் கிடைக்கும். மழைநீரும் இடைவெளிகளினூடாகக் கீழே போகும். இப்பக்கத்தில் விளக்கப்படுவது பெரும்பாலும் இந்த முறையே. சாந்து வைத்துப் பதிக்க வேண்டிய இடங்களும் உண்டு. அவை பின்னர் கூறப்படும்.

எந்தக் கல் பொருத்தமானது?

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கருங்கல் இங்கே இயற்கையாகக் கிடைப்பதில்லை. வன்னிப் பெருநிலத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் லொறியில் வந்து சேர்கிறது. இந்தியாவிலிருந்து இறக்குமதியாகும் கற்பலகைகளும் விற்பனைக்கு உண்டு. எதை வாங்கினாலும் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும்: கல்லின் முகம், நிறம், தடிப்பு.

முகத்தைப் பொறுத்தவரை, கண்ணாடி போல மினுக்கிய கல்லை வெளித்தளத்துக்கு ஒருபோதும் வாங்க வேண்டாம். மாரி காலத்தில் அதில் மெல்லிய பாசி படிந்துவிட்டால், வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் அளவுக்கு அது ஆபத்தானது. உளியால் கொத்திய முகமோ, இயல்பாகப் பிளந்த முகமோ, தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய முகமோ வேண்டும்.

நிறத்தைத் தெரிவுசெய்யும்போது பங்குனி, சித்திரை மாதத்து நண்பகலை எண்ணிப் பாருங்கள். கறுப்புக் கல் அந்த வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாதபடி கொதிக்கும். வெண்மையான சுண்ணாம்புக்கல் அவ்வளவு சுடாதெனினும் கண்ணைக் கூச வைக்கும். நடுத்தரச் சாம்பல் நிறமோ மங்கிய மஞ்சள் நிறமோ நம் வெயிலுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

தடிப்பு கருங்கல்லுக்கு ஒன்றரை அங்குலமும், அதைவிட மென்மையான சுண்ணாம்புக்கல்லுக்கு இரண்டு அங்குலமும் இருப்பது நல்லது. ஒன்றரை அங்குலத் தடிப்பும் 2 அடிச் சதுரமும் கொண்ட கருங்கல் ஒன்று ஏறத்தாழ 38 கிலோ வரும். எங்கள் 180 சதுர அடித் தளம் முழுவதும் 1.7 தொன்னுக்குக் குறையாது. ஆகவே 2 அடிக்கு மேற்பட்ட கற்களை வாங்குவதற்கு முன்னர், அவற்றைத் தூக்குவதற்கு யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வாங்கும் கல் சுண்ணாம்புக்கல்தானா என்று எப்படி அறிவது?

ஒரு மூலையில் இரண்டு துளி தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். நுரை எழுந்தால் அது சுண்ணாம்புக்கல். அமிலம் படும் இடமெல்லாம் அரிபடும். கருங்கல்லில் நுரை எழாது. கருங்கல்லுக்கு வேறொரு சோதனை உண்டு. சில கற்களில் இரும்புச் சத்துள்ள கனிமங்கள் இருந்து, மழை பட்டதும் துருக்கறை கசியும். எனவே மாதிரிக் கல் ஒன்றை முன்கூட்டியே எடுத்துவந்து, சில வாரங்கள் வெளியில் போட்டு, அடிக்கடி நனைத்துப் பார்த்த பின்னர் மிகுதியை எடுப்பது நல்லது.

பழைய வீட்டை இடித்த கற்களைப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். போரில் சிதைந்த வீடுகளின் அத்திவாரக் கற்களும் படிக்கற்களும் இன்னும் பல வளவுகளின் மூலைகளில் குவிந்து கிடக்கின்றன. பெற்றோர் வாழ்ந்த வீட்டின் கல்லைத் தளத்தில் பதித்து வைத்திருப்பதில் வரும் நிறைவு, கடையில் வாங்கும் எந்தப் பலகையிலும் வராது. ஒட்டியிருக்கும் பழைய சாந்தை உளியால் தட்டி நீக்கி, ஒரு முகமாவது ஓரளவு மட்டமாக உள்ளவற்றைத் தெரிந்தெடுங்கள். உடைந்த துண்டுகளை ஓரங்களுக்கும், மிகவும் உருக்குலைந்தவற்றை அடிப்படைக்கும் இடலாம்.

பழைய சுவர்களில் முருகைக்கற்களும் இருக்கும். யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களிலேயே அவற்றைக் காணலாம். சுவரில் அவை நன்றாக நிற்கும். ஆனால் காலடிக்கு அவை மென்மையானவை, தேய்ந்து பள்ளமாகும். எனவே அவற்றை ஓரக் கட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கடலிலிருந்தோ கரையிலிருந்தோ முருகைக்கல் எடுப்பதை யாரும் எண்ணவே கூடாது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் கரையோர வலயத்தில் அதனைத் தடை செய்துள்ளது. சட்டம் இல்லாவிட்டாலும், கரையைக் காப்பது அந்தப் பாறைகளே.

எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

மாசியின் நடுப்பகுதி. மாரி முடிந்து மண் ஈரம் மாறாமல் இருப்பதால் வெட்டவும் இலகு, இடித்து இறுக்கவும் இலகு. வைகாசிக்குப் பின்னர் சோளகம் வீசத் தொடங்கினால் புழுதியும் கூடும், சாந்தும் கைக்கெட்டுமுன் காய்ந்து வெடிக்கும்.

நிலத்தை வெட்டுவதற்கு முன்னர் எதைக் கவனிக்க வேண்டும்?

கிணற்றிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய், மின்கம்பி, மலசலகூடக் குழியின் மூடி ஆகியவை எங்கே செல்கின்றன என்பதை வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குழியின் மூடியின் மேல் கல்லைப் பதித்து மறைத்துவிட வேண்டாம். ஒரு நாள் அதைத் திறந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் கூற வேண்டியிருக்கிறது. நீண்ட காலம் மக்கள் மீளக் குடியமராதிருந்த பகுதிகளில், குறிப்பாக வலிகாமம் வடக்கில், மண்ணை வெட்டும்போது வழமைக்கு மாறான உலோகப் பொருள் எதுவும் தென்பட்டால், அதைத் தொடாமல், நகர்த்தாமல், வேலையை அப்படியே நிறுத்தி, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, 119 என்ற இலக்கத்தில் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும்?

அடிப்படைச் சல்லிக்கு 4 அங்குலம், படுக்கைக்கு ஒன்றரை அங்குலம், கல்லுக்கு ஒன்றரை அங்குலம் என மொத்தம் 7 அங்குலம். ஆனால் மண்ணுக்கு மண் இது மாறும். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் போன்ற செம்மண் பகுதிகளில் இந்த ஆழம் போதுமானது. வடமராட்சி கிழக்கைப் போன்ற மணற்பாங்கான இடங்களில் அடிப்படைச் சல்லியை 6 அங்குலமாக்கி, நாற்புறமும் ஓரக் கட்டை உறுதியாக வைக்க வேண்டும். இல்லையேல் மணல் பக்கவாட்டில் நகர்ந்து தளம் விரியும்.

சில வளவுகளில் ஓர் அடி வெட்டுவதற்குள்ளேயே சுண்ணாம்புப் பாறை தலைகாட்டும். அதைக் கண்டு சோர வேண்டாம். ஆனால் பாறையின் மேல் நேரடியாகக் கல்லை வைத்துவிடவும் வேண்டாம். ஒரு பாதி பாறையிலும் மறுபாதி மண்ணிலும் கிடக்கும் கல், மண் இறங்கும்போது நடுவால் வெடித்துவிடும். பாறைக்கும் கல்லுக்கும் இடையில் குறைந்தது 2 அங்குலச் சல்லியாவது இருக்கும்படி, துருத்திய முனைகளை அலவாங்கால் உடைத்து எடுங்கள்.

வெட்டிய செம்மண்ணை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மேல்மண் வாழைக்கும் மாமரத்துக்கும் பொன்னானது.

சாய்வை எப்படிக் கணக்கிடுவது?

6 அடிக்கு 1 அங்குலம் போதும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கிய 12 அடி அகலத்தில் 2 அங்குலம் தாழ வேண்டும். நீர் கீழே இறங்கும் தளமாயினும், கார்த்திகையில் ஒரே மூச்சில் கொட்டும் மழையை அது முழுவதும் உடனே உறிஞ்சாது. மிகுதி ஓட வேண்டிய திசையை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். தளத்தின் மேல்மட்டம் வீட்டுத் தரைக்கு 6 அங்குலமாவது கீழே இருக்கட்டும். பழைய வீடுகளின் அத்திவாரம் உயரமானதால் அங்கே இது சிக்கலில்லை. புதிய வீடுகளில் அளந்து பார்த்தே தொடங்க வேண்டும்.

முளைக்கட்டைகளை அடித்து நூல் கட்டுங்கள். மூலை சரியானதா என அறிய, ஒரு பக்கத்தில் 3 அடியும் மறுபக்கத்தில் 4 அடியும் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடையே 5 அடி வருகிறதா என்று பாருங்கள். உயர வேறுபாட்டுக்கு, தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்ரிக் குழாயே மிகவும் நம்பகமானது. குழாய்க்குள் காற்றுக்குமிழி இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சல்லி எவ்வளவு தேவை? எப்படி இறுக்குவது?

அடிப்படைக்கு முக்கால் அங்குலச் சல்லி, இறுகும் அளவையும் சேர்த்து ஏறத்தாழ 70 கன அடி. படுக்கைக்குக் கால் அங்குலத்துக்கும் சிறிய சல்லி ஏறத்தாழ 27 கன அடி. இரண்டும் சேர்ந்து ஒரு கியூப் அளவுக்கு, அதாவது 100 கன அடிக்கு, அண்மித்து வரும். கல்தூளையோ மணலையோ படுக்கைக்கு இட்டால் இரண்டு தொல்லைகள் உண்டு: நீர் இறங்கும் வழி காலப்போக்கில் அடைபடும், எறும்புகள் மணலை அள்ளி வெளியே குவித்து, கல்லின் கீழ் பொந்தாக்கும்.

வெட்டிய நிலத்தை முதலில் நனைத்து இடிகட்டையால் நன்றாக இடியுங்கள். அதன் மேல் நீர் புகும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்தால் மண்ணும் சல்லியும் கலக்காது. பொலித்தீன் விரிக்கவே கூடாது. நீர் இறங்குவதற்காகச் செய்யும் வேலை முழுவதையும் அது வீணாக்கிவிடும். சல்லியை 2 அங்குலப் படைகளாக இரண்டு முறை போட்டு, ஒவ்வொரு படையையும் தனித்தனியே இறுக்குங்கள். அதிர்வு இயந்திரம் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது மிகவும் பெறுமதியானது. கற்கள் பின்னர் தாழ்வதற்குப் பெரும்பாலும் காரணம் கல்லோ பதித்த கையோ அல்ல, அடிப்படையை இறுக்குவதில் காட்டிய அவசரம்தான்.

கற்களைப் பதிக்கும் ஒழுங்கு என்ன?

முதலில் ஒரு கல்லும் பதிக்காமல், கற்கள் முழுவதையும் வெளியே பரப்பி, எது எதற்கு அருகில் வரும் என்று அடுக்கிப் பாருங்கள். வெவ்வேறு லொறிகளில் வந்தவற்றைக் கலந்து அடுக்கினால் நிறவேறுபாடு துண்டு துண்டாகத் தெரியாது. நான்கு கற்களின் மூலைகள் ஒரே புள்ளியில் சந்திக்காதபடியும், நேர்கோடு ஒன்று நீண்டு ஓடாதபடியும் பார்த்துக்கொண்டால் தளத்துக்கு உறுதியும் அழகும் வரும். வெட்டுக்கும் உடைவுக்குமாகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக, 200 சதுர அடி வரை, வாங்கி வையுங்கள்.

பதிக்கத் தொடங்குவது வீட்டுச் சுவரோரம், நேரான பக்கத்திலிருந்து. சமமான தடிப்புள்ள இரண்டு இரும்புக் குழாய்களைச் சல்லியின் மேல் வைத்து, மட்டக்கோலை அவற்றின் மேல் இழுத்தால் படுக்கை சீராக வரும். பின்னர் குழாய்களை எடுத்து அந்தத் தடங்களை நிரப்புங்கள். சீராக்கிய படுக்கையில் கால் வைக்க வேண்டாம். பதித்த கற்களின் மேல் பலகை போட்டு நின்று முன்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு கல்லையும் இறக்கி, றப்பர் சுத்தியலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டி, நூலுக்குக் கொண்டுவாருங்கள். கல்லின் ஒரு மூலையில் நின்று உடம்பை அசைத்துப் பார்க்கும்போது அது ஆடினால், தூக்கிச் சல்லியைத் திருத்தி மீண்டும் வைக்க வேண்டும். இயற்கைக் கல்லின் தடிப்பு ஒரே கல்லிலேயே கால் அங்குலம் மாறும் என்பதால் இது பல முறை நடக்கும். அதற்குரிய நேரத்தை மனமாரக் கொடுங்கள்.

கற்களுக்கிடையே அரை அங்குலம் வரை இடைவெளி விட்டு, அதே சிறு சல்லியைத் தும்புத்தடியால் கூட்டி நிரப்புங்கள். சில வாரங்களில் அது சற்று இறங்கும். மீண்டும் நிரப்பினால் போதும். வெளியோர வரிசையை மட்டும் சாந்திலோ கொங்கிறீற்றிலோ பதித்துப் பூட்டிவிட வேண்டும்.

எங்கே சாந்து வைத்துப் பதிக்க வேண்டும்?

படிகளிலும், குசினி வாசலோரம் கழுவுநீர் சிந்தும் இடத்திலும், ஓரங்களிலும். அங்கே சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து என்ற கலவை போதும். சாந்தை ஐந்து பொட்டுகளாக வைத்துக் கல்லை அமர்த்தும் பழக்கத்தைக் கைவிடுங்கள். பொட்டுகளுக்கிடையே வெற்றிடம் விழுந்து, பாரம் ஏறும்போது கல் வெடிக்கும். நீரும் அங்கே தேங்கும். கல்லின் அடிமுகம் முழுவதும் சாந்து பட வேண்டும். அடிமுகத்தை முன்னரே நனைத்து, சீமெந்துப் பால் பூசிவிட்டு அமர்த்தினால் பிடிப்பு நன்றாக இருக்கும். காலையிலும் மாலையிலும் மட்டும் பதித்து, மூன்று நாட்களாவது ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். வெறுங்கையால் சீமெந்தைத் தொட வேண்டாம். அது தோலை அரிக்கும்.

கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு பின்னர் கல்லின் மேல் வெள்ளையாகப் பூக்கும். உவர்க் கிணற்று நீரில் குழைத்தாலும் இதேதான். மணல் கொண்டுவருவோரிடம், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழான போக்குவரத்து அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கிணற்றடி வரை தளத்தை நீட்டலாமா?

நீட்டலாம், ஆனால் அங்கே முறை நேர்மாறானது. மேலே மழைநீரை இறங்கவிடுங்கள் என்று வலியுறுத்தினோம். கிணற்றைச் சுற்றி அதை வலியுறுத்த முடியாது. கிணற்றடியில் விழுவது சவர்க்கார நீரும் அழுக்கு நீரும். நம் நிலத்தில் பாறைக்கு மேலுள்ள மண் பல இடங்களில் மெல்லியது; பாறையின் வெடிப்புகளினூடாக நீர் வடிகட்டப்படாமலே விரைவாகக் கிணற்றை அடையும். ஆகவே கிணற்றைச் சுற்றியுள்ள பகுதியைச் சாந்தில் இடைவெளியின்றிப் பதித்து, கிணற்றிலிருந்து வெளிநோக்கிச் சாய்த்து, அந்த நீரை வாய்க்கால் வழியே தூரத்திலுள்ள வாழைப் பாத்திக்குக் கொண்டு செல்லுங்கள். கல் இடைவெளியால் இறங்க வேண்டியது மழைநீர் மட்டுமே. கூரைப் பீலியிலிருந்து வரும் நீரையும் தளத்தின் தாழ்ந்த ஓரத்தில் சல்லி நிரப்பிய குழியொன்றில் இறக்கினால் மாரியில் பெரும் பயன் உண்டு. அக்குழி மலசலகூடக் குழியிலிருந்தும் அத்திவாரத்திலிருந்தும் நன்கு விலகியிருக்க வேண்டும்.

கல்லை வீட்டில் வெட்ட முடியுமா?

கிறைண்டரில் வைரத் தட்டைப் பூட்டி வெட்டலாம். கருங்கல்லை உலர்வாக வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசு நுரையீரலை மீள முடியாதபடி பாதிக்கும். வெட்டு வரியில் நீர் விட்டபடியே வெட்டுங்கள். பொருத்தமான முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள். துணியை மூக்கில் கட்டுவது போதாது. மின்சாரமும் நீரும் ஒன்றாக வரும் வேலை என்பதால், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தை நிறுத்திவிடும் துண்டிப்பான் உள்ள சுற்றிலிருந்தே மின் இணைப்பு வர வேண்டும். பழக்கமில்லாதவர்கள் வெட்ட வேண்டியவற்றைக் குறித்து வைத்து, மேசன் ஒருவரை அரைநாள் அழைப்பது நல்லது.

மாமரத்தடியில் பதிக்கலாமா?

மாமரம், வேம்பு, பலா ஆகியவற்றின் தடித்த வேர்கள் கல்லைக் கிளப்பும். வேரை வெட்டினாலோ மரம் பலமிழந்து காற்றுக்குச் சாயும். அடிமரத்தைச் சுற்றி 4 அல்லது 5 அடியை வெறும் மண்ணாக விடுங்கள். தென்னைக்கும் பனைக்கும் நார்வேர். அவை கல்லை அவ்வளவு தூக்குவதில்லை. ஆனால் தேங்காயோ பனங்காயோ விழும் வட்டத்துக்குள் கதிரை போடும் தளம் வேண்டாம்.

ஒடியல், மிளகாய் காயவிட ஏற்றதா?

வெயில் ஏறிய கல் நன்றாகவே காயவைக்கும். இடைவெளிகளில் விதையும் துண்டும் விழுந்து எறும்பை அழைக்கும் என்பதால் பாய் அல்லது சாக்கு விரித்தே பரப்ப வேண்டும். அதற்கென்றே ஒரு மூலையில் பெரிய கற்களைக் குறைந்த இடைவெளியுடன் பதித்து வைக்கலாம்.

பாசியையும் கறையையும் எப்படி நீக்குவது?

பாசிக்குக் கடினமான தும்புத்தடியும் நீரும் போதும். வாடைக்காலம் முடிந்ததும் ஒரு முறை நன்றாகத் தேய்த்தால் வெயில் மிகுதியைப் பார்த்துக்கொள்ளும். சீமெந்துக் கறையைப் போக்க அசிட் ஊற்றும் வழக்கம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் அது கல்லையே தின்றுவிடும். எந்தக் கல்லில் ஊற்றினாலும் மிகுதி மண்ணுக்குள், நம் கிணற்று நீரை நோக்கித்தான் போகும். சாந்து சிந்தியதும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மஞ்சள், எண்ணெய், மாம்பால் ஆகியவை சுண்ணாம்புக்கல்லில் ஊறிவிடும் என்பதால் விருந்து முடிந்த இரவிலேயே கழுவிவிடுவது நல்லது.

ஒரு கல் தாழ்ந்துவிட்டால் முழுத்தளத்தையும் கிளப்ப வேண்டுமா?

தேவையில்லை, சல்லிப் படுக்கையின் பெரிய நன்மையே இதுதான். சுற்றியுள்ள இடைவெளியிலிருந்து சல்லியைச் சுரண்டி எடுத்து, இரண்டு தட்டையான இரும்புகளால் கல்லை நெம்பித் தூக்குங்கள். கீழே எறும்புப் பொந்தோ, உக்கிய வேரோ, இறங்கிய மண்ணோ இருந்தால் அதைத் தோண்டி நீக்கி, முக்கால் அங்குலச் சல்லியை இட்டு இடித்து, மேலே சிறு சல்லியைப் பரப்பி, கல்லை அதே முகமாக மீண்டும் வையுங்கள். முதல் மாரிக்குப் பின்னர் இரண்டு மூன்று கற்களுக்கு இவ்வாறு செய்ய நேர்வது இயல்பு. உடைந்த கல்லுக்கு மாற்றாக, வாங்கியதில் மிஞ்சிய ஐந்தாறு கற்களை வேலியோரத்தில் அடுக்கி வைத்திருங்கள். அவையும் அதே வெயிலையும் மழையையும் வாங்குவதால், பதிக்கும் நாளில் நிறம் வேறுபடாது.